கான்வாய் வருவதற்கு முன்

பாராடாங் தீவுக்கு நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. காட்டுச் சாலையில் வண்டிகளைக் குறித்த நேரத்தில், வரிசையாக, கான்வாயாகத்தான் விடுவார்கள், அப்புறம் ஃபெர்ரி. அங்கே ஒரு காப்பகத்தில் என் தம்பி இருக்கிறான். பிறவியிலேயே நடக்க முடியாதவன். பேச்சும் திக்கித் திக்கித்தான் வரும். அம்மா போனபிறகு நான்தான் கொண்டுபோய் விட்டேன். மாதம் ஒருமுறை, "காலை கான்வாய்ல வர்றேன்" என்று வார்டனுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் டெலானிபூர் வீட்டிலிருந்து கிளம்புவேன். பெரிய மரியாதைக்காரி நான்! போய்ச் சேரும்போது தம்பி குளித்து, பவுடர் பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் இருப்பான். எனக்கு மனசு நிறைந்துவிடும்.

யாரோ வழக்குப் போட, காப்பகத்தைக் கண்காணிக்க நீதிமன்றம் ஓர் அம்மாளை நியமித்தது. ஓய்வுபெற்ற நர்ஸ், தமிழ்க்காரர். குடும்பத்தாரை எல்லாம் காப்பகத்துக்கு வரச்சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! "நல்லா நடக்குற இடத்துல ஏன் மேடம் குட்டையைக் குழப்புறீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே சண்டைக்குப் போனேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. தம்பியிடம் கேட்டுக்கொண்டு, அவன் சட்டையை முதுகுப்பக்கம் தூக்கிக் காட்டினார். படுக்கைப் புண். உள்ளங்கை அகலம் இருந்தது.

"அரே பாபா, நீங்க எப்ப வந்து இறங்குவீங்கன்னு இவங்களுக்குத் தெரியாதா? நான் முந்தின நாளே வந்து இந்த ஊர்லயே தங்கிட்டேன். விடிஞ்சதும் உள்ள போனா, எல்லாரும் ஈரப் பாயில கிடக்காங்க. இவரைக் கட்டிலோட கட்டி வச்சிருந்தாங்க."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த முதுகை எத்தனை தடவை தட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், பாவி.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"வா... வார்டன் கூடவே நிப்பாருக்கா."

அவரிடம் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

வார்டனை நீக்கியாயிற்று, காப்பகத்தை மூடப்போவதில்லை, புது ஆட்கள் வரும்வரை முடிந்தவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் அந்த அம்மாள். "நீங்க இன்னிக்கே கூட்டிட்டுப் போறீங்களா?"

தம்பி என்னையே பார்த்தான். இரண்டாவது மாடி குவார்ட்டர்ஸ், ஆபீஸ், லீவு என்று மனசு கிடுகிடுவென்று காரணம் தேடியது. கூட்டிப்போகிறேன் என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐயோ, ஏன்தான் பார்த்தேனோ.

"கா... கான்வாய் போயிடும்க்கா," என்றான் தம்பி, எனக்காக அவசரப்பட்டு. "நீ கிளம்பு."

கிளம்பிவிட்டேன்.