எதிரி விட்ட தண்ணீர்

அழைப்பிதழ் கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, உள்ளே எங்கள் முதல் கம்ப்யூட்டர் விளையாட்டின் முன்னோட்ட விழா என்று அச்சடித்திருந்தார்கள். நாடு பிடிக்கும் விளையாட்டுக்கு மஞ்சள் எதற்கு என்று கேட்டுச் சிரிக்கிற ஆள் வீட்டில் இல்லை. அந்த விளையாட்டின் பாதிக்கு மேல் எழுதியவரே அவர்தான், என் கணவர். அவர் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பத்திரிகையைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி. இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்து, சேர்ந்து கம்பெனி தொடங்கியவர்கள். படம் வரைவதும் வெளி ஆட்களிடம் பேசுவதும் கூட்டாளியின் வேலை. புரோகிராம் எழுதுவது என் கணவரின் வேலை. கூட்டாளியை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலில் நின்றே பேசினார்.

"அம்மணி, நீங்க கட்டாயம் வரோணுங்க. பாம்பேல இருந்து ஒரு கம்பெனிக்காரரு வாராரு. அவரு எடுத்துக்கிட்டாருன்னா ஆபீஸ்ல இருக்கற நாங்க மூணு பேரும் பொழச்சுக்குவோம்." பத்திரிகையை என் கையில் கொடுத்தார். "அப்பறம் அவனோட நோட்டு ஒண்ணு இருக்குதுங்களே. வரும்போது எடுத்துட்டு வாரீங்களா?"

"சரிங்ணா" என்றேன். அந்த மாதங்களில் நான் எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புக் கணக்கையும் சேர்த்து எடுக்கிறீர்களா டீச்சர் என்று பள்ளியில் கேட்டார்கள், சரி என்றேன். அவருடைய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று என் அம்மா கேட்டாள், அதற்கும் சரி. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. இழவு வீட்டிலும் நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அந்த நோட்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் ஆளுக்கு ஒரு நாடு. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு மாதம் போகும். வயலை உழலாம், மாடு வளர்க்கலாம், கோட்டை கட்டலாம், பக்கத்து நாட்டின் மேல் படையெடுக்கலாம். பக்கத்து நாடுகளைக் கம்ப்யூட்டர் ஆளும். நம் நாட்டுக் கிணறு வற்றி இரண்டு மாதம் ஆகிவிட்டால் ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள், ஆட்டம் முடிந்தது. ஆனால் என் கணவர் எழுதியதில் அது நடக்கவே நடக்காது. கிணறு வற்றிய உடனே பக்கத்து நாடு தன் வாய்க்காலைத் திறந்துவிடும். சண்டை நடந்துகொண்டிருந்தாலும் திறந்துவிடும். "தண்ணி விட்டிருக்குதுங்க. எடுத்துக்குங்க" என்று திரையில் ஒரு வரி வரும்.

அவருடைய ஊர் வெள்ளகோவில் பக்கம். வானம் பார்த்த பூமி. அவருடைய அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒரு வரப்புக்காகப் பல வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள். கோர்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அத்தனை வருடமும் இவர்கள் வீட்டுக்குக் குடிதண்ணீர் அந்தத் தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் வந்தது. எதிரி ஏன் தண்ணீர் விடுகிறான் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "குடிக்கற தண்ணிய யாராச்சும் நிறுத்துவாங்களா கண்ணு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பம்பாய்க்காரருக்கு முன்னாலேயே ஒரு சி.டி. அனுப்பியிருந்தார்கள். அவர் சொன்ன ஒரே குறை இந்தத் தண்ணீர்தான். இதை எடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார். எடுக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் புரோகிராமில் வைத்த பெயர்கள் எல்லாம் எங்கள் ஸ்கூட்டர் நம்பர், என் பெயரின் எழுத்துகள், அவர் ஊர் பஸ் நம்பர். எது எதற்கு என்று அந்த நோட்டில் மட்டும்தான் எழுதி வைத்திருந்தார்.

நான் நோட்டைத் தர மறுப்பேன் என்று கூட்டாளி பயந்தார். நானோ அந்தத் தண்ணீரை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று இருந்தேன். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத அந்தக் குணம்தான் அவரைக் கொண்டுபோனது. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சாயங்காலம் போன் வந்தது. பொள்ளாச்சியில் ஏதோ விசேஷமாம், பொள்ளாச்சி பஸ் நிற்கிற உக்கடம் வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட முடியுமா என்று கூட்டாளி கேட்டிருக்கிறார். கூட்டாளி இருக்கிற காந்திபுரத்திலிருந்து உக்கடத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ். "முடியாதுன்னு சொல்லுங்களேன்" என்றேன். "பாவம், கேக்கறான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் வீடு இருக்கும் குனியமுத்தூரிலிருந்து காந்திபுரம் போனார். கூட்டாளியை உக்கடத்தில் இறக்கிவிட்டார். திரும்பி வருகையில் மழை. ஆத்துப்பாலம் பக்கத்தில் லாரி.

அவருக்குக் காய்ச்சல் என்பது கூட்டாளிக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டார். அதனால்தான் வீட்டுக்குள் வருவதில்லை.

விழா ஒரு சனிக்கிழமை காலையில். மோட்டார் பம்ப் கடைக்கு மேல் மாடியில் அவர்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக் கூடாது என்று செருப்பை வெளியே விடச் சொல்வார்கள். அன்றைக்குப் படிக்கட்டு முழுக்கச் செருப்பு. உள்ளே ஏ.சி. குளிரில் வந்தவர்கள் வெறுங்காலோடு நெளிந்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர்கள், ஒரு காலேஜ் லெக்சரர், பத்திரிகைக்காரர் ஒருவர். குத்துவிளக்கு ஏற்றும்போது கூட்டாளி என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை நகர்த்தி லெக்சரரின் மனைவியைக் கூப்பிட்டார். எனக்கு அது உறைக்கவில்லை. கையிலிருந்த மஞ்சப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன், நோட்டு கனமாக இருந்தது.

நான்கு கம்ப்யூட்டர்களில் ஆளுக்கு ஒருவராக உட்கார்ந்து விளையாடச் சொன்னார்கள். நம் ஊர் மரியாதை அங்கேயும் வந்துவிட்டது. சண்டை போடச் சொன்னால் ஒருவரும் போடவில்லை. "வந்த எடத்துல எதுக்குங்க" என்று ஒருவர் மாடு மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தார். பம்பாய்க்காரர்தான் தயவுதாட்சண்யம் இல்லாமல் அடித்து ஆடினார். அவர் கிணறு வற்றியது, பக்கத்துக் கொடுமுடி நாட்டிலிருந்து தண்ணீர் வந்தது. திரையில் இருந்த வரிக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தொடையைத் தட்டிச் சிரித்தார். இந்த எதிரியை எழுதியவன் முட்டாள் என்று இங்கிலீஷில் சொன்னார். அது யார் என்று அவருக்குத் தெரியாது. கூட்டாளியின் முகம் செத்துப்போனது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் காப்பி குடிக்க எழுந்ததும் அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். எழுதி முடித்த ஒவ்வொரு துண்டையும் என்னை விளையாடவைத்துத்தான் என் கணவர் சரிபார்ப்பார், அதனால் ஆட்டம் எனக்கு அத்துப்படி. புது ஆட்டம் எடுத்து எப்போதும் போல வெள்ளகோவில் நாட்டை வைத்துக்கொண்டேன். கிணற்றைத் தூர் வாரவில்லை. இருந்த ஆளையெல்லாம் படையாக்கிக் கொடுமுடியின் மேல் ஏவினேன். வயலைக் கொளுத்தினேன், மாட்டைப் பிடித்தேன். கொடுமுடி கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு திருப்பி அடித்தது. என் கிணறு வற்றியது. தண்ணி விட்டிருக்குதுங்க, எடுத்துக்குங்க. மறுபடி கொளுத்தினேன். மறுபடி கிணறு வற்றியது. மறுபடி அதே வரி. அவர்கள் நாட்டில் மூன்று வயல்தான் பாக்கி, அதையும் கொளுத்திவிட்டு மாதத்தை நகர்த்தினேன். தண்ணி விட்டிருக்குதுங்க.

"ஒரு தடவையாச்சும் முடியாதுன்னு சொல்லுங்களேன்" என்றேன்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். அறையில் பேச்சு நின்ற பிறகுதான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கண் காய்ந்தேதான் இருந்தது.

கூட்டாளி என்னை வெளியே படிக்கட்டுக்கு அழைத்து வந்தார். செருப்புகளுக்கு நடுவே இருவரும் நின்றோம். பையைப் பார்த்தார், ஆனால் கையை நீட்டவில்லை.

"வேண்டாமுங்க அம்மணி, நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். பாம்பேக்காரரு போனாப் போறாரு."

"உங்க மூணு பேரு பொழப்பு?"

"நான் ஒருக்கா கேட்டதே போதுமுங்க." பையிலிருந்து பார்வையை எடுத்தார். "இனி உங்க ஊட்டுல நான் எதும் கேக்க மாட்டேனுங்க."

இவ்வளவு நாளும் அவரைத் திட்ட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். டவுன் பஸ் இல்லையா, கால் இல்லையா என்று கேட்க இருந்தேன். பையை அவர் பக்கம் நீட்டினேன்.

"நீங்க கேக்கலீங்ணா, நானாத்தான் குடுக்கறேன்" என்று பையோடு அவர் கையில் வைத்தேன். "அந்தத் தண்ணிய மொதல்ல எடுத்துப்போடுங்க."

அவர் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். நான் என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

பம்பாய்க்காரர் விளையாட்டை எடுத்துக்கொண்டார். அடுத்த கோடை விடுமுறையில் கூட்டாளி நோட்டையும், கடைக்கு வரும் சி.டி. ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார். எழுத்தெல்லாம் இங்கிலீஷாக மாற்றிவிட்டார்கள் என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

கூட்டாளி கிளம்பிய பிறகு, மத்தியானம், வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு என் கணவரின் கம்ப்யூட்டரில் அதைப் போட்டேன். வெள்ளகோவில் நாடு. யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கிணற்றை மட்டும் தூர் வாராமல் விட்டேன். பங்குனியில் வற்றியது. பக்கத்திலேயே கொடுமுடி, காவிரி நீலமாக நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. மாதத்தை நகர்த்தினேன். ஒரு வரியும் வரவில்லை. அழுத்தாமல் கொஞ்சநேரம் காத்திருந்தேன். காத்திருந்தால் வரும் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு அழுத்தினேன். எறும்பு அளவு மனிதர்கள் தலையில் மூட்டையோடு என் ஊரைவிட்டு வரிசையாக வெளியேறினார்கள். ஆட்டம் முடிந்தது என்று இங்கிலீஷில் வந்தது.

முடியாது என்று ஒருமுறை சொல்லுங்கள் என்று நான்தானே கேட்டேன், சொல்லிவிட்டார்கள். அவர் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அவர் இல்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஒரு வருடத்துக்குப் பக்கமாகி. வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல், ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க, ஓவென்று அழுதேன்.

பக்கத்து வீட்டு அக்கா மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தார். எதற்கு அழுகிறேன் என்று கேட்கவில்லை. திரும்பி ஓடிப்போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

"மொதல்ல இதைய குடிங்க அம்மணி" என்றார். வாங்கிக் குடித்தேன்.