நார்மல்னு மட்டும் சொல்லிராதீக

“சிஸ்டர், நார்மல்னு மட்டும் சொல்லிராதீக.”

இ.சி.ஜி. எடுக்கப் படுத்திருந்த பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டாள். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் இ.சி.ஜி. டெக்னீஷியனாக இருந்தவள் நான். ரிப்போர்ட் நார்மலாக வரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே படுத்தவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். வேண்டாம் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

பெயரை மாற்றித் தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் ஒன் படித்தாள், தேனியில் ஹாஸ்டல். அப்பாவுக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மெஷினை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். வாயை எப்போது மூடுவது என்று படிக்க எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அதனால் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை

அதற்குப் பதினைந்து நாள் முன்பு நெஞ்சு வலி என்று அவளை அப்பா கூட்டிவந்தார். திரைக்கு வெளியே அவர் நின்றார். எடுத்து முடித்துப் பேப்பரைக் கிழிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் சொல்ல வேண்டியதை முந்திரிக்கொட்டை மாதிரி நானே சத்தமாகச் சொன்னேன்.

“எல்லாம் நார்மல்ணே. பதினாறு வயசுல நெஞ்சு வலியா? எனக்கே இன்னும் வரல.”

அவர் மகளிடம் திரும்பினார். “கேட்டியா, ஒண்ணுமில்லேன்னுட்டாக. பள்ளிக்கூடத்துல டெஸ்ட்டு வந்தா இவளுக்கு வலி வந்துருது சிஸ்டர். எல்லாம் நாடகம். தோட்டத்துல மருந்தடிக்கிற நாளு, போட்டது போட்டபடி ஓடியாந்தேன்.”

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அந்தப் பிள்ளை கையில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் தடவை

இந்த முறை கூட்டிவந்தது ஹாஸ்டல் வார்டன். வகுப்பில் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டாளாம். வார்டன் போன் போட, கம்பத்திலிருந்து அப்பாவும் வந்து சேர்ந்தார். நான் வயரை எடுத்தபோதுதான் அவள் கையைப் பிடித்தாள்.

“நீங்க நார்மல்னு சொன்னதுக்கப்புறம் நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கிறாக. அப்பா போன்ல சாப்பிட்டியா, படிச்சியான்னு ரெண்டு கேள்வி கேப்பாக. ஆமான்னு சொன்னா வச்சிருவாக. இத நான் எப்பச் சொல்ல?”

“ஹாஸ்டல் பிடிக்கலையா? வீட்டுக்குப் போகணுமா?”

“அதெல்லாம் வேணாம். நான் பொய் சொல்லலன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அன்று நான் சிரித்த சிரிப்புத்தான் என் காதில் கேட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் பத்து வயரையும் சரியாக மாட்டுவேன் என்று ஜூனியர்களிடம் பீற்றிக்கொள்கிறவள் நான். ஏதோ மாட்டினேன், எடுத்தேன், பேப்பரைப் பார்க்காமலேயே திரைக்கு அந்தப் பக்கம் மேசையில் இருந்த டியூட்டி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“லீட் ஒன்ல கோடு தலைகீழா இருக்கு. துடிப்பும் வேகமா இருக்கு. மறுபடி எடுங்க சிஸ்டர்.”

பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “என்ன சார், இருதயத்துல கோளாறா?”

“எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன். உக்காருங்க.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் திரைக்குள் வந்துவிட்டேன். அவர் குரல் உள்ளே நன்றாகக் கேட்டது.

“நாந்தான் சார் நாடகம்னு திட்டினேன். கொடியில ஒரு இலை வாடுனாக்கூட எனக்குத் தெரிஞ்சிரும். எம்பிள்ள வாயத் தொறந்து சொல்லியும் எனக்குத் தெரியலயே.” அதற்கு மேல் விசும்பல்தான் கேட்டது.

“அப்பா அழுவுறாகளா?” என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். “நான் பாத்ததே இல்ல,” என்றாள். அவள் கண்ணிலிருந்தும் நீர் காது வரை வழிந்தது.

அப்போதுதான் பார்த்தேன். வலது கையில் இருக்க வேண்டிய சிவப்பு வயர் இடது கையில் இருந்தது. மஞ்சள் வலது கையில். மாற்றி மாட்டி மறுபடி எடுத்தேன். துடிப்பு வேகம், மற்றபடி சுத்தமான இ.சி.ஜி.

என் முகத்தைப் பார்த்தே நார்மல்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. “சொல்லிருவீகளா?”

“சொல்லித்தானே ஆகணும் ஆத்தா.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நிமிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது, மறைப்பானேன். ஆனால் தப்பான பேப்பர் ஒன்று ஃபைலில் ஏறினால், நல்லாயிருக்கிற பிள்ளையை எக்கோ ஸ்கேனுக்கும் மதுரைக்கும் அலைய விடுவார்கள். இரண்டு பேப்பரையும் டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

“என் தப்பு சார். கை வயர மாத்தி மாட்டிட்டேன். இருதயம் நல்லாத்தான் இருக்கு.”

டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னை ஒரு பிடி பிடித்தார். வாங்கிக்கொண்டேன். அப்பா பெருமூச்சு விட்டார். அடுத்து நாடகம் என்பார் என்ற பயத்தில், இந்த முறை நல்லதுக்காகவே முந்திக்கொண்டேன்.

“அண்ணே, பேப்பரு நார்மல். ஆனா பிள்ளைக்குக் கை ஐஸாட்டம் இருக்கு, துடிப்பு நூத்தி முப்பது. இத யாரும் நடிக்க முடியாது.”

“அவுக சொல்றது சரிதான்,” என்றார் டாக்டர். “பதட்டத்துல இப்படி வரும். வலி நெசமான வலிதான். மனநல டாக்டர் ஒருத்தரையும் பாக்கணும், எழுதித் தர்றேன்.”

அப்பா அந்தச் சீட்டை வாங்கக்கூட நிற்கவில்லை. பிள்ளைக்குப் போர்வை போர்த்திவிட்டு அவரை உள்ளே விட்டேன். அவள் கால்மாட்டில் நின்று போர்வையை இழுத்துவிட்டார். பிறகு குனிந்து, “எங்கனம்மா வலிக்குது?” என்று கேட்டார்.

“அதான் நார்மல்னு சொல்லிட்டாகளேப்பா.”

“அது இருந்துட்டுப் போகுது. நீ சொல்லு.”

அவள் நெஞ்சின் நடுவில் கையை வைத்துக் காட்டினாள். எப்போது தொடங்கியது, எப்படி அடைக்கும், பரீட்சை அன்று காலையில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். அடுத்த பேஷண்ட் திரையை விலக்கப் பார்த்தார். பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று வாய் கூசாமல் பொய் சொல்லி அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிசல்ட்டை டாக்டர் சொல்லட்டும். வயரை மாட்டியதும் நிறத்தை இன்னொரு தரம் பாருங்கள். வந்திருப்பது படிக்கிற பிள்ளை என்றால், எடுத்து முடித்துப் போர்த்திவிட்டு அப்பாவையோ அம்மாவையோ உள்ளே கூப்பிடுங்கள். எங்கே வலிக்கிறது என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை பதில் சொல்லி முடிக்கிற வரை பேப்பரைக் காட்டாதீர்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்காக வெளியே நிற்பவர்கள் உங்களைத் திட்டினால், திட்டிவிட்டுப் போகட்டும்.