விரதத்தில் விட்ட மாத்திரை

மலேசியாவில் நீலாய்க்கு அருகிலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் ரதம் ஏறுவது தோட்டத்து லாரியில்தான். அதை அலுங்காமல் குலுங்காமல் ஓட்ட முருகையாவை விட்டால் ஆள் இல்லை.

1989 நவம்பர் மழையில் அவர் ஓட்டிய ரப்பர் பால் லாரி பள்ளத்தில் உருண்டது. பக்கத்தில் இருந்த மணியம் இறந்துபோனார். முருகையாவுக்குக் கீறல்தான். ஆனால் அதற்குப் பிறகு ‘டமார்’ என்று ஏதாவது விழுந்தால் போதும், மேசைக்கடியில் புகுந்துவிடுவார். தூக்கத்தில் மணியத்தைக் கூப்பிடுவார். எலுமிச்சம்பழம், மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் சிரம்பானில் ஒரு டாக்டர், “இது பேயும் இல்ல, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்ல. அந்த விபத்து மனசுல உண்டாக்கின நோய்,” என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வாரங்கள் போகப் போகத் தூக்கம் வந்தது. லாரிச் சாவியும் கைக்குத் திரும்பியது. 1991 திருவிழாவுக்கு ரதத்தை அவரே ஓட்டுவதென்று முடிவாயிற்று. டாக்டரும் சம்மதித்தார். “நடக்குற வேகத்துல ஓட்டுங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.”

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்றே முருகையா மாத்திரையை நிறுத்திவிட்டார். கள்ளும் தலைக்குப் போகிறது, இதுவும் தலைக்குப் போகிறது, விரதத்தில் ஆகுமா?

சில நாளில் பழைய நடுக்கம் வந்துவிட்டது. அடுப்படியில் ஒரு தட்டு விழ, மனிதர் மேசைக்கடியில். மனைவி முத்தாயி குனிந்து பார்த்தாள்.

“என்னாங்க, விரதக்காரங்க தரையில படுக்கணும்தான். மேசைக்கு அடியிலயுமா?”

விஷயத்தைக் கறந்தவள், அவரைக் கோயிலில் பூசை செய்யும் பண்டாரம் திருநாவுக்கரசிடம் இழுத்துக்கொண்டு போனாள். பண்டாரம் சிரித்தபடி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

“பிரஷர் மாத்திரை. தினமும் தீர்த்தத்தோடதான் முழுங்குறேன். ஆத்தா கோவிச்சுக்கிட்டாளா? மருந்து குடிக்காத டிரைவர் லாரியில ஏறத்தான் அவளுக்குப் பயம்லா!”

மறுநாள் டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்கிவைத்தார். திருவிழா அன்று, அவரால் முடியாவிட்டால் ஓட்ட வேறு டிரைவரும் தயாராக நின்றார்.

ரதம் புறப்பட்டது. வெடி கூடாதென்று பண்டாரம் சொல்லியிருந்தும், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்து மூலையில் எவனோ ஒரு வெடிச் சரத்தைக் கொளுத்திவிட்டான். லாரி நின்றது. முருகையாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கதவோரம் நடந்து வந்த முத்தாயி எட்டிப் பார்த்தாள்.

“என்னாங்க, ஆத்தாவ இறங்கி நடந்து வரச் சொல்லட்டுமா?”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உறுமி மேளக்காரர்களும் அடிப்பதை விட்டுச் சிரித்தார்கள்.

“போ புள்ள! ஆத்தா ஏறுனது என் லாரியில,” என்று கியரைப் போட்டார். ரதம் அலுங்காமல் நகர்ந்தது.