இரண்டு முறை அடித்து நிற்கும் போன்

எங்கள் வீட்டுக்குப் போன் வந்த அன்றே அதற்கு ஒரு பூட்டும் வந்தது. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஒன்றைப் பூட்டாமல் விட்டால் ஊருக்கே அவமானம் என்பார் அப்பா. தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தவர். ஒரு நிமிஷம் வீணானாலும் ஒரு ரூபாய் வீணானாலும் அவருக்கு ஒரே வலிதான். சுழற்றும் டயலின் ஓட்டையில் நகத்தளவு பூட்டு தொங்கும். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

பூட்டை விடக் கெடுபிடியானது வீட்டுச் சட்டம். வெளியூர் போகிறவர் போய் இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்கு அடிக்க வேண்டும். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால்தான் பூத்தில் மீட்டர் ஓடும், எடுக்காவிட்டால் சல்லிக்காசு செலவில்லை. பூத்காரர்கள் முறைப்பார்கள், முறைத்துவிட்டுப் போகட்டும். அம்மா ஒருமுறை ஞாபகப்பிசகில் எடுத்துவிட, அதனால் அய்யலூர் மாமாவுக்குத் தண்டமான காசை அப்பா அடுத்த பொங்கல் வரை சொல்லிக்காட்டினார்.

என் தம்பி அப்போது பாலிடெக்னிக்கில் படித்தான். ரிசீவர் வைக்கிற இடத்தில் இருக்கும் கொண்டியை எண்ணி எண்ணித் தட்டினால், டயலைச் சுற்றாமலே நம்பர் விழும் என்று எங்கோ கற்றுக்கொண்டு வந்திருந்தான். அம்மா கடைக்குப் போகிற நேரமெல்லாம் தட்டியிருக்கிறான். பில் வந்தது. அதைக் கையில் பிடித்தபடி அப்பா அவனைத் தெருவில் நிறுத்திச் செருப்பால் அடித்தார். யாரிடம் பேசினாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அவன் சொல்லவேயில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தார்கள். நானும் வாசலில் நின்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. போனைத் தொடாத நல்ல பிள்ளை நான்.

மறுநாள் காலையில் அவன் ஒரு பையோடு போய்விட்டான். சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் போன் இரண்டு முறை அடித்து நின்றது. அப்பா, நான், அம்மா மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போய்ச் சேந்துட்டான்," என்றாள் அம்மா. எங்கே என்று கேட்க வழியில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் விளக்கேற்றும் நேரத்தில் இரண்டு மணி வரும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். எடுக்க மாட்டாள். அப்பா மாரடைப்பில் போன பிறகுதான் துணிந்தாள். ஒரு ஞாயிறு, முதல் மணிக்கே எடுத்து, "அப்பு..." என்று அவனுடைய செல்லப் பெயரைச் சொன்னாள். அந்த ஒரு சொல் முடிவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். எடுத்தது அப்பா என்று நினைத்திருப்பான். அவர் போனது அவனுக்குத் தெரியாதே. அதற்குப் பிறகு மூன்று மாதம் மணி வரவில்லை. அம்மா அந்த மூன்று மாதமும் தன் கையையே திட்டிக்கொண்டிருந்தாள். திரும்ப வர ஆரம்பித்த பிறகு, போன் அடிக்கும்போது கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொள்வாள்.

கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று அந்தச் சமயத்தில் வந்திருந்தது. வாங்கி மாட்டச் சொல்லி அம்மா என்னைக் கெஞ்சினாள். பெட்டிக்கு ஒரு விலை, மாதாமாதம் அதற்குத் தனியாக ஒரு கட்டணம். அவன்தான் அடிக்கிறான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டேன். அப்பாவின் சாவி என் இடுப்பில் இல்லையே தவிர, நாக்கில் இருந்தது.

பிறகு அதே லைனில் பிராட்பேண்ட் வாங்கினேன். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. வீட்டுப் போனில் பேசுவோர் இல்லை, ஆனாலும் வாடகை போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கேபிள் டி.வி.க்காரர் வந்து, பாதி விலையில் இன்டர்நெட் தருவதாகச் சொன்னார். போனைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் பணமும் கைக்கு வரும். யோசிக்க என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு இருந்தது. "நெட்ட எங்கயோ வாங்கிக்கப்பா. அந்த நம்பர மட்டும் விட்டு வையி. அவனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்," என்றாள்.

இரண்டு மணிச் சத்தத்துக்கு மாதம் இருநூறு ரூபாயா என்று கேட்டேன். அடுத்த வாரம் போனை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அந்த ஞாயிறு அம்மா, போன் இருந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். என் மனைவி ஸ்டூலை எடுத்து அடுப்படியில் போட்டாள். அம்மா வெறும் சுவரோரமாக உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அப்படி உட்கார்ந்திருந்தாள். பிறகு படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

அவள் போன மறுவருஷம், ஒரு மத்தியான நேரத்தில் தம்பி வந்து வாசலில் நின்றான். முன்தலை வழுக்கை விழுந்து, அப்பாவின் சாயல் வந்திருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். பாஸ்போர்ட் எடுக்கப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வேண்டும், பீரோவில் இருந்தால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றான். உள்ளே வந்தவன் தண்ணீர் வாங்கிக் குடித்தான். சுவரில் மாலையோடு இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தான். அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பிறகு அவனே சொன்னான்.

"போன் போட்டா இந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு பொம்பளக் குரல் வந்துச்சுண்ணே. நாலு வாரம் போட்டுப் பாத்தேன். அம்மா உசுரோட இருந்தா அந்தப் போன விட்டுருக்காதுல்ல. புரிஞ்சுக்கிட்டேன். கொடுமுடிக்குப் போயி மொட்டை போட்டு, ஆத்துல எள்ளுந் தண்ணியும் விட்டுட்டு வந்தேன்."

சொல்லிக்கொண்டே அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டான். படத்துக்குக் கீழே மறைவு என்று போட்டுத் தேதி இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மறைத்து நிற்கலாமா என்றுகூடத் தோன்றியது. கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, அவன் உதடு மட்டும் அசைந்தது. மாதங்களை எண்ணுகிறான் என்று தெரிந்தது.

"அப்ப... நான் எள்ளு எறைக்கையில அது இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு," என்றேன்.

"எங்க இருந்துச்சு?"

சுவரோரத்தைக் காட்டினேன். அவன் அந்த வெறும் தரையைச் சற்று நேரம் பார்த்தான். போனுக்கு என்ன ஆனது என்று கேட்டான். சொன்னேன். இருநூறு ரூபாய் என்பதையும் சொன்னேன். அப்பாவைப் போலச் செருப்பைக் கழற்றி என்னை அவன் அடித்திருக்கலாம். அவன் நான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த மார்க் ஷீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சாப்பிட்டுப் போ என்றாள் என் மனைவி. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

என் செல் நம்பரை அவன் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அன்று விளக்கேற்றும் நேரத்தில் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். அவன் போய்ச் சேர்ந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.