அண்ணி மிதித்த பிரேக்

எங்கள் தெருவில் காலை நேரத்தில் கார் ஓட்டுவது லேசான காரியமில்லை. தறியில் ஏற்றப்போகும் பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரித்துக்கொண்டிருப்பார்கள். அன்று சவாரி முடிந்து வந்த அண்ணனின் வாடகைக் கார் அந்தப் பாவுக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. மூன்று புடவைக்கான இழை அது. பாவுக்காரர் காரை ஒரு பார்வை பார்த்தார், அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அண்ணன் இறங்கி நேரே என்னிடம் வந்தார். பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்திருந்தேன். மறுநாள் களம்பூர் அரிசி மில்காரர் குடும்பத்துக்கு அண்ணன் வண்டி தருவதாகச் சொல்லியிருந்தார். படவேட்டில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே ஜவ்வாது மலை ஏறி இறங்க வேண்டும். குழந்தைகளோடு ஏழு பேர். ஏறும்போது கவலையில்லை. இறங்கும்போது அந்த வளைவுகளில் இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஒரு கல்யாணத்துக்காகச் செய்யார் போயிருந்தார். நானே பார்க்கிறேன் என்றேன்.

"பொஸ்தகத்துல படிச்சத என் வண்டியில பழகப் போறியா?" என்றார் அண்ணன். ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. எண்ணெயை அமுக்கினால் அமுங்காது, காற்று அமுங்கும். முதல் மிதி காற்றை நசுக்குவதிலேயே வீணாகிறது. நாலு சக்கரத்திலும் அந்தக் காற்றை வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துக் காற்று வெளியேறும் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். தறியில் இருந்த அண்ணியைக் கூப்பிட்டேன். காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

பின் சக்கரத்தில் ஆரம்பித்தேன். திருகாணியில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் கண்ணாடிப் புட்டியில் இருந்த பிரேக் ஆயிலில் முக்கினேன். "மிதிங்க, புடிங்க, விடுங்க" என்று நான் கத்தக் கத்த, புட்டிக்குள் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. நினைத்தது சரி. நாலாவது சக்கரம் முடிந்தபோது பெடல் கல் மாதிரி இருக்கிறது என்று அண்ணி சொன்னார். எழுந்து கையைத் துடைத்தேன், ஸ்பானர்களைப் பையில் போட்டேன், சாப்பிட்டு வந்த அண்ணனிடம் வேலை முடிந்தது என்று சொல்லியும்விட்டேன்.

அண்ணி காருக்குள்ளேயே இருந்தார். கடைசியாக "விடுங்க" என்று சொல்ல நான் மறந்துவிட்டிருந்தேன்.

"தம்பி, இது இன்னும் எறங்கிகினே கீது," என்றார்.

அப்படி இருக்காது, கால் சோர்ந்திருக்கும் என்றேன். அண்ணன் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "தறி ஓட்றவ கார் பிரேக்கப் பத்திச் சொல்ல வந்துட்டா."

அண்ணி காலை எடுக்கவில்லை. "தறிக் குழியில மிதிகட்டைய அமுக்கிப் புடிச்சிகினாதான் பாவு பிரிஞ்சி நடுவுல நாடா பூரும். நூலளவு எறங்கினாகூட என் காலுக்குத் தெரியும். நீங்க மிதிச்சிப் புடிச்சிப் பாருங்க."

அண்ணன் உட்கார்ந்து பார்த்தார். அவரால் காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. மிதிப்பதும் விடுவதுமாகவே கிடந்தார். அப்படி மிதித்தால் பெடல் நன்றாகவே நின்றது. மறுபடி அண்ணியை உட்காரவைத்து, பெடலுக்கும் தரைக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தேன். நாலு விரற்கடை. நூறு வரை எண்ணினேன். இரண்டரை.

எனக்குச் சுருக்கென்றது. காற்று இருந்தது உண்மை. ஆனால் அது பாதிக் கதைதான். சக்கரங்களைத் தடவிப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. ஆயில் மட்டமும் குறையவில்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளேதான் நழுவுகிறது. எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்க வேண்டும். வெடுக்கென்று மிதித்தால் தள்ளும், நிதானமாக அமுக்கினால் எண்ணெய் ரப்பரைத் தாண்டிப் பின்னால் வந்துவிடும். மலை இறக்கத்தில் கால் பெடலிலேயேதான் இருக்கும். மெக்கானிக்கே வந்திருந்தாலும் அண்ணனைப் போலத்தான் மிதித்துப் பார்த்திருப்பார்.

அந்த அம்பாசடரில் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தகட்டுக்குக் கீழே இருந்தது. கழற்றிப் பிரித்தேன். ரப்பரின் விளிம்பு கடித்த நகம் போலப் பிசிறியிருந்தது. உள்சுவரில் விரலை விட்டுத் தடவினேன். வழவழவென்று கீறல் இல்லாமல் இருந்தது, நல்ல காலம். அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடிப்போய்ப் புது ரப்பர் வாங்கி வந்தார். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் டின்னையும் தூக்கிக்கொண்டு வந்தவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினேன். மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவி, பூட்டி, நாலு சக்கரத்துக்கும் மறுபடி காற்று எடுத்தேன். முடிக்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

இந்த முறை முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அண்ணி மிதித்துப் பிடித்தார். நூறு எண்ணினேன், இருநூறு எண்ணினேன். அண்ணன் ஜன்னலில் தலையை விட்டு அண்ணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்குது," என்றார் அண்ணி. "நான் தறிக்குப் போவட்டா? அரைப் புடவையில கீது."

மறுநாள் அண்ணன் என்னையும் முன்சீட்டில் இடுக்கி உட்காரவைத்துக்கொண்டார். ஏதாவது ஆனால் நீயும் கூட இரு என்று அதற்கு அர்த்தம். இறக்கத்தில் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அண்ணன் ஒரே மிதி மிதித்து அப்படியே பிடித்தார். கார் நின்றது. பஸ் உரசாமல் கடந்துபோகும்வரை காலை எடுக்கவில்லை. பின்சீட்டில் குழந்தைகள் நிலக்கடலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். என்னைப் பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "கிளட்ச்சும் கொஞ்சம் சரியில்ல," என்றார். "ஊட்டுக்குப் போனதும் பாரு. உங்க அண்ணிய மிதிக்கச் சொல்லு."