மாமனாருக்குச் சர்க்கரை பூஜ்யம்

என் அண்ணனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் முந்திரிக்கொட்டை. கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவான். பரிசுப் பொருள் அண்ணியோடு பிறகு வரும். வெப்சைட் எழுதும் வேலையிலும் அப்படித்தான்.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வெப்சைட்டை அவன்தான் கவனித்துக்கொண்டான். சர்வர் எல்லா முடிவுகளையும் திரட்டி முழுப் பக்கமாக அனுப்பும். அதுவரை திரை வெள்ளையாகக் கிடக்கும். "இன்னொரு புகார் வந்தா வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் மாற்றி எழுதினான். பக்கம் உடனே திறந்துவிடும். பிறகு பிரவுசரே ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு வாங்கிக் கட்டங்களை நிரப்பும்.

"அதுவரைக்கும் கட்டத்துல என்ன இருக்கும்?" என்றாள் அண்ணி.

"சும்மா ஒரு பூஜ்யம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மாறிடும். யாரு பார்க்கப்போறா?"

பார்த்தவர் அவனுடைய மாமனார். அவருடைய பழைய போன் எதற்கும் அவசரப்படாது. சர்க்கரை பூஜ்யம், சிவப்பணு பூஜ்யம். மனிதர் பதறவில்லை. நல்ல சட்டையாகப் பார்த்து மாற்றிக்கொண்டு, கட்டிலில் நேராகப் படுத்து, மகளைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை எதையும் மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லும்மா. பீரோ சாவி..."

"ரத்தமே இல்லாம எப்படிப்பா சட்டை மாத்துனீங்க?"

"அதான் எனக்கும் புரியல."

அண்ணன் ஓடி வருவதற்குள் எண்கள் நிரம்பிவிட்டன. சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பூஜ்யமே தேவலாம்" என்றார் மாமனார்.

"முதலாளிகிட்ட சொல்லிடுவீங்களா மாமா?"

"உங்க வேலையை நானா கெடுப்பேன்? தெரியலைன்னா தெரியலைன்னு போடுங்க மாப்பிள்ளை. ஆளைச் சாகடிக்காதீங்க."

அண்ணன் மறுபடி உட்கார்ந்தான். கூடத்தின் பெயரும் ஒரே ஒரு வரியும் உடனே வரும். முடிவுகளைச் சர்வர் மொத்தமாகத் திரட்டி ஒரே தடவையில் அனுப்பும். முதலாளி வேறு ஆளைத் தேடவில்லை.

அவன்தான் முந்திக்கொண்டான். போன மாதம், எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இன்று என் பரிசோதனை முடிவைப் பார்க்க அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முதலில் அவன் எழுதிய வரி வந்தது: "கொஞ்சம் இருங்க, இன்னும் வரலை. பயப்படாதீங்க." மாமனாருக்காக எழுதியது.

எண்கள் வந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மூடிவிட்டு இன்னொரு தடவை திறந்தேன்.