முண்டில் பதிந்த டயர் தடம்

என் வலது காலில் ஒரு நீளத் தழும்பு உண்டு. அதைக் காட்டி மயினியின் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மயினி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எனக்கு எழுத்து தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

மலையாள நாட்டில் கிடந்த எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று போராட்டம் நடந்த காலம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எந்தச் சந்தியில் பார்த்தாலும் போலீஸ். யாராவது போலீஸ் அடி வாங்கி இரத்தம் வழிய வந்தால் ஊரே சேர்ந்து ஒளித்துவைக்கும். முதலில் துணியைக் குளத்தில் அலசுவார்கள். பிறகு ஆளைப் பின்வழியாக எலும்பு பார்க்கிற ஆசானிடம் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

அன்று எங்கள் வேதக்கோவில் சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததைக் கொண்டுபோய்ப் படைத்தால் ஏலம் விடுவார்கள். என் தலையில் ஏத்தன் வாழைக்குலை. அப்படி ஒரு குலை பிறகு எங்கள் வாழைவிளையில் வந்ததே இல்லை. ஒவ்வொரு காயும் என் கைமுட்டு நீளம்! பேத்தி நம்பவில்லை. சரி, முட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். வெளுத்த முண்டு, அதுதான் வேட்டி, உடுத்து, குலையைச் சுமந்து, ராணி மாதிரிப் போகிறேன். மயினி எனக்கு முன்னால்.

பின்னாலிருந்து ஒரு கறுத்த கார் வந்தது. குலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கார் கொஞ்சம் நின்றது. ஆட்கள் ஓடி வருவதைக் கண்டதும் வடக்கே பறந்துவிட்டது. என் கால்முட்டுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. பார்த்த ஒருத்தி, "அய்யோ, கால் போச்சே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஓடி வந்தவர்களில் பாதிப்பேர் காரைக் காணவில்லை. இரத்தத்தைத்தான் கண்டார்கள். போலீஸ் அடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். எதிரே சாயாக்கடைக்காரர் எல்லாவற்றையும் கண்டார். கண்டதும் பலகையைப் போட்டு அடைத்துவிட்டு ஓடிவிட்டார்! இரண்டு பெண்கள் என் முண்டை உருவ வந்தார்கள்.

மயினி பாய்ந்து வந்தாள். "தொடப்பிடாது! முண்டை எவளாவது அலசினா நான் அவளை அலசிருவேன்!"

"போலீஸ் கண்டா கொண்டு போயிருவானுவ, மயினி" என்றாள் ஒருத்தி.

"காணட்டும். காணணும்னுதான் சொல்லுதேன். கார் ஏறினதுக்கு இதாக்கும் சாட்சி."

அப்போதுதான் நானும் பார்த்தேன். வெளுத்த முண்டில் செம்மண் டயர் தடம், அச்சு வார்த்தது போல!

"ஆசான்கிட்ட போவோம்" என்றார் ஒருவர்.

"ஆசான் கை நல்ல கைதான். ஆனா எலும்பு வெளிய நிக்கி ஓய். ஆஸ்பத்திரி போகலேன்னா பிள்ளைக்கக் கால் அழுகிப்போவும்."

என்னை யாரையும் தூக்கவிடவில்லை. கிடந்த கிடையிலேயே இரண்டு பக்கமும் தென்னமட்டை வைத்து, வாழைநாரால் காலைக் கட்டினாள். சாயாக்கடை பெஞ்சைக் கொண்டுவரச் சொல்லி அதில் மெதுவாக நகர்த்தினாள். ரோட்டில் கிடந்த விளக்குக் கண்ணாடியைப் பொறுக்கி மேல்முண்டில் முடிந்துகொண்டாள். "எலே, காருக்கு இடது கண்ணு போச்சு. எல்லாரும் மனசுல வையுங்க" என்றாள். மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. கிழங்கை இறக்கிவிட்டு பெஞ்சோடு என்னை ஏற்றினார்கள்.

அமரவிளைப் பாலத்தில் போலீஸ் மறித்தது. ஒரு போலீஸ் ஏட்டு என்னைப் பார்த்துவிட்டு, "சமரத்தில் கிட்டிய அடியாணோ?" என்றார். போராட்டத்தில் வாங்கின அடியா என்று கேட்கிறார். எனக்கு உயிரே இல்லை. என் வீட்டுக்காரர் அந்தச் சமயம் போராட்டக் கூட்டம் கூட்டமென்று அலைகிறவர். அவர் பேரைக் கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

மயினி வண்டியிலிருந்து இறங்கினாள். என் முண்டின் நுனித் தும்பைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே விரித்து, அவர் பாஷையிலேயே கேட்டாள்.

"நோக்கு சாறே. லத்திக்கு டயர் உண்டோ?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். மயினி சிரிக்கவில்லை. கண்ணாடியை அவிழ்த்துக் காட்டி, கறுத்த கார், இடது விளக்கு இல்லை, வடக்கே போனது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அப்படி ஒரு கார் பாலம் தாண்டிப் போனதை அவரும் கண்டிருக்கிறார். காளை நடந்து சேர நேரமாகும் என்று போலீஸ் ஜீப்பிலேயே எங்களை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார்.

வண்டிக்காரர் திரும்பிப் போய், எங்களை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஊர் சும்மா இருக்குமா? இரண்டு பெண்களை அறஸ்ட் செய்துவிட்டார்கள் என்று திரண்டது. பண்டிகை ஏலத்தை விட்டுவிட்டு, கொடி பிடித்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் கத்தியது யார்? ஓடிப்போன சாயாக்கடைக்காரர்!

மயினி ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அறஸ்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ்வளவு நல்ல தொண்டையை வச்சிட்டா ஓய் காலையில ஓடினீரு? வாரும், கண்டதை அந்த ஏட்டுகிட்ட சொல்லும்."

"நான்... எனக்குப் போலீஸ்னா..."

"நான் கூட நிக்கேன். சொல்லும்."

சொன்னார். அந்தக் கார் கிடைத்தது, ஓட்டியவனும் கிடைத்தான். அவனைப் பற்றி எனக்குப் பேச்சு இல்லை. உள்ளே டாக்டர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டை வைத்துக் கட்டியது யார் என்று கேட்டார். இன்னும் தாமதித்திருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். மயினி அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

மாவுக்கட்டு வெட்டிய நாளில் வீடு நிறைய ஆட்கள். நான் சுவரைப் பிடித்து எழும்பினேன். பிறகு சுவரை விட்டேன். ஓர் அடி வைத்தேன், இன்னோர் அடி. கால் தாங்கியது! பெண்களெல்லாம் அழுதார்கள், ஒருத்தி ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். மயினி மட்டும் என் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோணல் இல்ல" என்றாள். பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு சின்னக் குடத்தை எடுத்து வந்து என் இடுப்பில் வைத்தாள்.

"இத்தன நாளு உனக்குச் சேத்து நானாக்கும் கிணத்துல வெள்ளம் கோரினது. நட மக்கா, நான் பின்னால வாறேன்."